வீட்டுக்கு வந்த குழாய்!

நடு இரவில் நடுக்கம் வந்தால் யாரைக் கேட்பது? ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு பொறுப்பு யாருக்கு?

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. மார்கழி மாதம். இரவு மணி 11.

வீட்டுப் பெரியவருக்கு வயது 65. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். அதற்காக அவருடைய மேல் கையில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, வீட்டுக்கு அனுப்பி இருக்கிறார்கள். அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, உப்புத் தண்ணீர் மருந்தால் கழுவி விடவேண்டும். அதை அவருடைய மகள்தான் செய்கிறாள்.

அன்று குழாயைக் கழுவி அரை மணி நேரம் ஆகி இருக்கும். பெரியவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டது.

"அப்பா! இப்படி நடுங்குகிறதே! ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம் அம்மா. மார்கழிப் பனிதானே? கம்பளியை எடுத்துப் போர்த்து. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அப்பா.

மகள் கம்பளியைப் போர்த்தினாள். ஒரு காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தாள்.

இது கற்பனை வீடுதான். ஆனால் இதே பேச்சு எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதே. அந்த நடுக்கத்துக்கும் பனிக்கும் சம்பந்தம் இல்லை. குழாயில் குடியேறிய கிருமிகள் ரத்தத்தில் கலந்ததால் வந்த நடுக்கம் அது. விடியும் வரை காத்திருந்தால் உயிருக்கே மோசம் வரலாம்.

மகள் மீது குற்றம் இல்லை. அப்பா மீதும் குற்றம் இல்லை. "நடுக்கம் வந்தால் உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று அவர்கள் மனதில் பதியும்படி எவரும் சொல்லவில்லை. சொல்லி இருந்தாலும், இரவு 11 மணிக்குக் கூப்பிட ஒரு டெலிபோன் எண் அவர்கள் கையில் இல்லை.

குழாய் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைக் காப்பாற்றும் வழி கூட வரவில்லை. இன்றைய வைத்தியத்தில் இது ஒரு பெரிய ஓட்டை.

இது என்ன குழாய்?

காய்ச்சலுக்குக் குளுகோஸ் ஏற்றும்போது புறங்கையில் ஒரு சிறு குழாய் போடுவார்கள். அது சில நாட்களுக்குத்தான் தாங்கும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மருந்து ஏற்றவேண்டும் என்றால் அது போதாது. அப்போது நீண்ட நாள் குழாய் தேவைப்படுகிறது.

இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதல் வகை, மேல் கையில் நுழைந்து இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாய் வரை போவது. இதை "பிக் லைன்" என்கிறார்கள். ஒரு பகுதி கைக்கு வெளியே தெரியும்.

இரண்டாவது வகை "போர்ட்". இது மார்புத் தோலுக்கு அடியில் புதைத்து வைக்கும் ஒரு சிறு டப்பி. வெளியே ஒன்றும் தெரியாது. மருந்து ஏற்றும் நாளில் மட்டும் தனி ஊசியால் தோலின் மேல் குத்தி ஏற்றுவார்கள்.

மூன்றாவது வகை, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் செய்வதற்காகக் கழுத்து வழியாகப் போட்டு, மார்பின் மேல் பக்கம் வெளியே எடுத்துவிடும் தடித்த குழாய். "பெர்ம்கேத்" என்பது இதன் பெயர்.

மூன்றுக்கும் முனை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இதயத்தின் வாசலில்!

ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? திருச்சிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஒரு குடம் சாயத்தை உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஊற்றினால் தண்ணீர் நிறம் மாறும். அதே சாயத்தை வெள்ளம் போகும் காவிரியில் ஊற்றினால் இருந்த இடம் தெரியாது. கையில் உள்ள சிறிய ரத்தக் குழாய் வாய்க்கால் மாதிரி. புற்றுநோய் மருந்துகளில் சில, அதை எரித்துப் புண்ணாக்கிவிடும். இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய குழாயில் ரத்தம் காவிரி போல ஓடுகிறது. மருந்து விழுந்த உடனே கரைந்து போகிறது.

தன் உடம்பிலேயே சோதனை!

இந்த வழியைத் திறந்தவர் ஒரு ஜெர்மானிய இளைஞர். பெயர் வெர்னர் போர்ஸ்மன். 1929-ம் ஆண்டில், 25 வயதில், தன் கையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகத் தானே ஒரு நீண்ட குழாயைச் செலுத்திக்கொண்டார். அந்தக் குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். குழாயின் முனை இதயத்துக்குள் இருப்பதைப் படத்தில் காட்டினார்.

அன்று அவருக்குப் பாராட்டைவிடக் கண்டனமே அதிகம் கிடைத்தது. ஆனால் 27 ஆண்டுகள் கழித்து, 1956-ல், மேலும் இரு அறிஞர்களோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் நீண்ட நாள் குழாய்களும் போர்ட்டும் ஒவ்வொன்றாக வந்தன. அதற்குப் பிறகு நோயாளி மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியது இல்லை என்று ஆயிற்று.

நல்லது எவ்வளவு?

இதனால் வந்த நன்மையை மறுக்க முடியாது.

திருச்சி ஆஸ்பத்திரிகளுக்குத் திருச்சிக்காரர்கள் மட்டும் வருவதில்லை. லால்குடி, முசிறி, துறையூர், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை என்று நாலா பக்கமும் இருந்து வருகிறார்கள். புற்றுநோய்க்குச் சில மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்புகிறார்கள். எலும்பிலோ இதயத்திலோ கிருமி பிடித்தவர்களுக்கு 4 முதல் 6 வாரம் வரை ஊசி மருந்து போகவேண்டும். அவர்களிலும் பலர் வீட்டில் இருந்தபடி சிகிச்சை பெற முடியும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து போகிறார்.

வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. கூட இருப்பவர் வேலைக்குப் போக முடிகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை இன்னொருவருக்குக் கிடைக்கிறது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத முரட்டுக் கிருமிகள் தொற்றும் பயமும் உண்டு. அதுவும் குறைகிறது.

ஆகவே, "குழாயோடு வீட்டுக்கு அனுப்பவே கூடாது" என்பது சரியான வாதம் அல்ல. எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்தக் குழாயைப் படித்த நர்சு பார்த்துக்கொண்டார். கையுறை இருந்தது. மருந்து இருந்தது. கூப்பிட்டால் டாக்டர் வந்தார். வீட்டுக்கு வந்த நாளில் அந்த வேலை முழுவதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவி, மகள், அல்லது மருமகள். அவர் பள்ளிக்கூடம் போகாதவராகவும் இருக்கலாம். போகும்போது கையில் கொடுத்த ஆங்கிலச் சீட்டை அவரால் படிக்க முடியாது.

இந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் உயிரைக் காக்கும்.

கிருமி நுழையும் வாசல்

குழாயின் வெளிவாய்தான் கிருமிக்கு வாசல். தோலில் குழாய் நுழையும் இடம் இன்னொரு வாசல்.

குழாயைத் தொடும் முன்பு சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவவேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி ஆகும். கழுவிய கையைப் புடவைத் தலைப்பில் துடைக்கக் கூடாது. அப்படித் துடைத்தால் கழுவியது வீண்.

குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்க்கவேண்டும். பிறகு காயவிட வேண்டும். வாயால் ஊதிக் காயவைக்கக் கூடாது. ஊதும் காற்றோடு கிருமியும் வரும்.

தோலின் மேல் ஒட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்திரியை 7 நாளைக்கு ஒரு முறை மாற்றவேண்டும். பஞ்சுத் துணி வைத்துக் கட்டியதானால் 2 நாளைக்கு ஒரு முறை. நனைந்துவிட்டால், அல்லது ஓரம் கிளம்பிவிட்டால், நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றவேண்டும். இதைப் பழகிய நர்சு செய்வதே நல்லது.

அந்த இடத்தில் மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதுவும் படக்கூடாது. நம்பிக்கையோடு பூசுவதைத் தவறு என்று சொல்வதற்கு இல்லை. நெற்றியில் பூசலாம். குழாய் வாயில் வேண்டாம்.

எப்போது ஓடவேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலும், குளிர் நடுக்கம் வந்தாலும் அது முதல் எச்சரிக்கை. குழாயைக் கழுவிய சிறிது நேரத்தில் நடுக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலைக் குறைத்துக் காட்டும். கிருமி உள்ளேயே இருக்கும்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்து இருக்கும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரி சேர்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான ஊசி போடவேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் விதி. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

குழாய் நுழையும் இடம் சிவந்தாலும், வலித்தாலும், சீழ் வந்தாலும் அன்றே காட்டவேண்டும்.

அடைத்துக்கொண்டால்?

கழுவும்போது மருந்து உள்ளே போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். முதலில் கிளாம்பு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் எங்காவது மடங்கி இருக்கிறதா என்று பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை இருமச் சொல்லுங்கள். இதிலேயே பல நேரம் சரியாகிவிடும்.

அப்படியும் போகவில்லையா? விட்டுவிட வேண்டும். பலம் கொண்ட மட்டும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் குழாய் வெடிக்கலாம். அல்லது உள்ளே உறைந்த ரத்தக் கட்டி பிய்ந்துகொண்டு போகலாம். உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது.

இன்னொரு விஷயம். சிறிய சிரிஞ்சு மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். சிரிஞ்சு சிறியதாக இருந்தால் அழுத்தம் அதிகம். ஆகவே கழுவுவதற்கு 10 மில்லி சிரிஞ்சுதான் வேண்டும்.

உடைந்தால்? உருவிக்கொண்டால்?

குழாய் கிழிந்து கசிந்தால், கிழிசலுக்கும் உடம்புக்கும் நடுவில் மடித்துக் கட்டவேண்டும், அல்லது கிளாம்பைப் போடவேண்டும். சுத்தமான துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிளாஸ்திரி ஒட்டி மறுபடி உபயோகிக்கக் கூடாது.

குழாய் கொஞ்சம் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளக் கூடாது. வெளியே வந்த பாகத்தில் கிருமி ஒட்டி இருக்கும். வந்தபடியே ஒட்டிவிட்டுப் போய்க் காட்டவேண்டும். வெளியே எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்று முதல் நாளிலேயே குறித்து வைத்திருந்தால், நகர்ந்ததைக் கண்டுபிடிப்பது எளிது.

முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டால், நோயாளியைப் படுக்கவைத்துச் சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்துக் குழாயானால் ரத்தம் வேகமாக வரலாம். அழுத்தியபடியே 108-ஐக் கூப்பிட வேண்டும். உருவிய குழாயை எறிந்துவிடாதீர்கள். முழுவதும் வந்ததா, துண்டு உள்ளே நின்றுவிட்டதா என்று டாக்டர் அளந்து பார்ப்பார்.

குழாய் மூடி திறந்து கிடந்து, திடீர் என்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், காற்று உள்ளே போயிருக்கலாம். உடனே கிளாம்பை மூடி, இடது பக்கமாக ஒருக்களித்து, தலை தாழ்வாக இருக்கும்படி படுக்க வைத்து, 108-ஐ அழைக்கவேண்டும்.

குழாய் உள்ள கை வீங்கினால், தோளோ கழுத்தோ வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்து நீவக் கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடக்கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

டயாலிசிஸ் குழாய் டயாலிசிசுக்கு மட்டுமே. "குழாய்தான் இருக்கிறதே!" என்று அதில் வேறு ஊசி போட எவரையும் விடவேண்டாம்.

தீவு ஊரின் சங்கடம்

ஸ்ரீரங்கத்துக்குச் சில தனிக் கஷ்டங்கள் உண்டு.

ஊரைச் சுற்றிக் காவிரியும் கொள்ளிடமும் ஓடுகின்றன. ஊரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சைக்குத் திருச்சிக்குப் போகவேண்டும். பாலத்தைத் தாண்ட வேண்டும். 2022-23-ல் காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடியபோது கார்களும் பஸ்களும் சுற்றிப் போக நேர்ந்ததை ஊர் மறந்திருக்காது.

கோவில் மதில்களுக்கு உள்ளேயே தெருக்கள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் குடும்பங்கள் வசிக்கின்றன. வைகுண்ட ஏகாதசி நாளில், சொர்க்கவாசல் திறக்கும் நேரத்தில், அந்தத் தெருக்களில் ஆள் நடப்பதே பாடு. ஆம்புலன்ஸ் எப்படி வரும்? தேர் ஓடும் நாளிலும் இதே கதைதான்.

ஆகவே குழாய் உள்ள வீட்டார் திருவிழாவுக்கு முன்பே யோசித்து வைக்கவேண்டும். வண்டி எந்த முனை வரை வரும், அதுவரை நோயாளியை எப்படிக் கொண்டு போவது என்று தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் லேசாகத் தொடங்கும்போதே கிளம்பவேண்டும்.

அடுத்தது குளியல். ஆடிப் பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போட எந்த மனதுக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வெளியே தெரியும் குழாய் உள்ளவர் ஆற்றிலோ குளத்திலோ முழுகக் கூடாது. ஆற்றுத் தண்ணீரில் உள்ள கிருமி பிளாஸ்திரிக்குள் புகுந்துவிடும். படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம். வீட்டில் குளிக்கும்போது குழாய் உள்ள இடம் நனையாமல் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொள்ள வேண்டும். தோலுக்கு அடியில் புதைத்த போர்ட் ஆறிய பிறகு, ஊசி இல்லாத நாளில், இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உபயோகித்த ஊசியைக் குப்பையில் அப்படியே போடவேண்டாம். அது துப்புரவுத் தொழிலாளியின் கையைக் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடலாம்.

செலவு இல்லாத மருந்து

"இவ்வளவும் செய்ய நம்மிடம் பணம் எங்கே? ஆள் எங்கே?" என்று சிலர் கேட்கலாம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஏறக்குறைய நூறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு முயற்சி செய்தார்கள். டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் என்பவர் தலைமை வகித்தார். புதிய மருந்து எதுவும் கிடையாது. ஐந்தே விதிகள். கை கழுவு. குழாய் போடும்போது உடம்பு முழுவதும் சுத்தமான துணியால் மூடு. கிருமி நாசினியால் தோலைத் துடை. முடிந்தவரை தொடை வழியாகக் குழாய் போடாதே. தேவை இல்லாத குழாயை எடுத்துவிடு.

இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு முறையும் சரி பார்த்தார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. 1000 குழாய் நாட்களுக்கு 7.7 என்று இருந்த ரத்தக் கிருமித் தொற்று, 18 மாதத்தில் 1.4 ஆகக் குறைந்தது!

ஒரு காகிதம் செய்த வேலை அது. அங்கே அது ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. நம் வீட்டுக்கும் அப்படி ஒரு காகிதம் வேண்டும். தமிழில் வேண்டும். படம் போட்டு வேண்டும்.

ஆளுக்குப் பதில் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தில், கோழிக்கோட்டில், 1993-ல் சில டாக்டர்கள் சேர்ந்து வலி நீக்கும் ஆதரவு சிகிச்சைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாளடைவில் ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நர்சும் தொண்டரும் நோயாளியின் வீடு தேடிப் போனார்கள். 2008-ல் கேரள அரசு இதற்காகத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழ்நாட்டிலும் வழி இருக்கிறது

தமிழ்நாடு பின்தங்கி இல்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை, உடல் இயக்கப் பயிற்சி, வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பை கொடுப்பது ஆகியவை அதில் சேர்ந்தன. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு இதற்கு விருது அளித்தது.

நர்சு வீட்டு வாசலுக்குப் போகும் பாதை இப்படிப் போடப்பட்டது. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரிந்த நர்சுக்குக் குழாய் வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியம் அல்ல. அப்படிப்பட்ட பயிற்சியைத் திருச்சியில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே கொடுக்க முடியும்.

பணத்தைக் கணக்குப் பார்த்தாலும் இதுவே லாபம். காப்பீடு பொதுவாகப் படுக்கையில் கிடக்கும் நாட்களுக்குத்தான் பணம் தருகிறது. வீட்டில் வாங்கும் பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் குடும்பம்தான் கைக்காசு போடுகிறது. காசு இல்லாதபோது "இந்த வாரம் மாற்றவேண்டாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தள்ளிப்போட்ட பிளாஸ்திரி, பிறகு பல நாள் ஆஸ்பத்திரிச் செலவாக வந்து நிற்கிறது. கொஞ்ச விலைப் பொருளைக் கொடுக்காமல் பெரிய செலவை ஏற்பது என்ன கணக்கு?

ஆஸ்பத்திரிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நர்சுகள் போதவில்லை. கூட்டம் அதிகம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் கிடைப்பதில்லை. ஆனால் குழாய் போட நேரம் கிடைக்கிறது அல்லவா? போட்டவர்களுக்கு, அதைக் காப்பாற்றும் வழியைச் சொல்வதும் அந்த வேலையில் ஒரு பாதிதான்.

நான்கு காரியங்கள்

செய்யவேண்டியவை நான்கு.

ஒன்று: வீட்டுக்கு அனுப்பும் முன்பு, பார்த்துக்கொள்ளப் போகிறவர் நர்சின் முன்னால் தன் கையாலேயே ஒரு முறை குழாயைக் கழுவிக் காட்டவேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். செய்து காட்டினால்தான் தெரியும்.

இரண்டு: தமிழில், படத்தோடு ஒரு அட்டை. குழாயின் பெயர், போட்ட தேதி, வெளியே தெரியும் நீளம், எப்போது எடுக்கவேண்டும், எந்தக் குறி கண்டால் ஓடி வரவேண்டும் என்று அதில் இருக்கவேண்டும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த அட்டை பேசும்.

மூன்று: இரவிலும் பதில் சொல்லும் ஒரு டெலிபோன் எண். உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஏற்பட்டது. அதில் பதில் சொல்கிறவர்களுக்கு இந்தக் குழாய்களைப் பற்றியும் பயிற்சி தரலாம்.

நான்கு: வேலை முடிந்த குழாயை மறக்காமல் எடுப்பது. "இருக்கட்டும், பிறகு உதவும்" என்று விட்டுவைத்த குழாயில் தினமும் கிருமி புகலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய கட்டடம் வேண்டாம். வெளிநாட்டு யந்திரம் வேண்டாம்.

அதுவரை குடும்பங்கள் சும்மா இருக்கவேண்டியது இல்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பு, "இரவில் யாரைக் கூப்பிடுவது? எண்ணை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நோயாளியின் உரிமை. எழுதி வாங்கிய எண்ணைக் காலண்டருக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்புவோம். அதே மார்கழி. அதே இரவு 11 மணி. சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் நடுங்கும் மனிதன் படம் ஒன்று. பக்கத்தில் ஒரு டெலிபோன் எண்.

"மார்கழிப் பனி அம்மா" என்கிறார் அப்பா.

"இல்லை அப்பா. அட்டையில் போட்டிருக்கிறது. கிளம்புங்கள்" என்கிறாள் மகள்.

கம்பளி வேண்டுமானால் வண்டியில் போர்த்திக்கொள்ளலாம்.